பெங் சூன் வீட்டுக் கைப்பிடி

ஊய் பெங் சூனின் வேலை பிஸ்கட் பொறுக்குவது. தைப்பிங்கில் அப்போதிருந்த ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில், அடுப்பிலிருந்து பெல்ட்டில் ஊர்ந்து வரும் பிஸ்கட்டுகளில் கோணல், கருகல், மூளி என்று எது கண்ணில் பட்டாலும் எடுத்துப் பக்கத்திலிருக்கும் தகர டின்னில் போட வேண்டும். இளவட்டமாக அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவர், தலை நரைத்த பிறகுதான் எழுந்தார். அத்தனை காலம் 'ஒரே மாதிரி, ஒரே மாதிரி' என்று பார்த்துப் பார்த்து மனிதரின் கண்ணே கெட்டுவிட்டது என்பேன் நான். எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்கார மாட்டார். முதலில் சுவரில் சாய்ந்திருக்கும் முருகன் படத்தை நேராக்குவார். என் மனைவி தோசை சுட்டு வைத்தால் பெரியதைக் கீழேயும் சிறியதை மேலேயும் அடுக்கிவிட்டுத்தான் பிய்ப்பார். "சாப்பிடுற தோசைக்கு அணிவகுப்பு எதுக்குத் தவுக்கே?" என்று முதலாளியைக் கூப்பிடுவதுபோல் கேட்டால் சிரிப்பார். கை மட்டும் அடுக்குவதை நிறுத்தாது.

நான் அடுத்த வீடு. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். பெயர் பச்சையப்பன், எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க என்னைப் பச்சை என்றுதான் கூப்பிடும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு பெங் சூன் ஒரு டிக் வெல்டிங் மெஷின் வாங்கினார். மற்றவர்கள் அந்தப் பணத்தில் ஹாட்யாய்க்குச் சுற்றுலா போனார்கள், பல் கட்டிக்கொண்டார்கள். இவருக்கு ஒரு பழைய ஆசை. தொழிற்சாலையில் மாவு கொட்டும் எவர்சில்வர் தொட்டி விரிசல் விட்டபோது, கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவன் அதை ஒட்டிவிட்டுப் போனானாம். அந்த ஒட்டின் மேல் வரிவரியாக, பாக்கெட்டில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் மேரி பிஸ்கட் மாதிரி, அத்தனையும் ஒரே அளவு. அன்றைக்குச் சாப்பாட்டு மணி அடித்தும் போகாமல் அதைத் தடவிக்கொண்டே நின்றேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். காதலித்த பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

என்னை இதில் இழுத்து விட்டதும் அவர்தான். வேனின் புகைக்குழாய் கழன்று தொங்கியது. "கொண்டா, நான் ஒட்டித் தரேன்" என்றார். ஒட்டினார். பார்த்தால் கோழி கிளறிய மண் மாதிரி இருந்தது. "இதுக்குக் கயிறு கட்டியிருக்கலாம்" என்றேன். கோபித்துக்கொள்ளாமல் வெல்டிங் டார்ச்சை என் கையில் கொடுத்தார். பிடித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. வலக்கை டார்ச்சின் ஊசி முனையை இரும்பில் படாமல், விலகாமல் பிடித்திருக்க வேண்டும். இடக்கை கம்பியை உருகி நிற்கும் இரும்புக் குட்டைக்குள் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். கால் பெடலை அழுத்தி நெருப்பைக் கூட்டிக் குறைக்க வேண்டும். மூச்சை இழுத்தால் கை ஆடும், விட்டாலும் ஆடும். எனக்கு அன்றே கிறுக்குப் பிடித்துவிட்டது. பிறகு மாவட்ட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் ரோஸ்டாமும் வந்து சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையானால் பெங் சூனின் கார் நிறுத்தும் முற்றத்தில் மூவரும் கூடிவிடுவோம். கார்தான் வெயிலில் நிற்கும்.

எங்களுக்குள் இரண்டே சட்டம். டங்ஸ்டன் ஊசியை உருகிய இரும்பில் முக்கிவிட்டவன் மற்றவர்களுக்குக் கோப்பி வாங்க வேண்டும். அடுத்தது, போட்ட வரிமேல் இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரை வைக்கவே கூடாது. கடை போட்டுப் பிழைப்பவன் மேடுபள்ளத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி விற்றுவிடுவான், அவனுக்கு வயிற்றுப்பாடு. நாங்கள் பொழுதுபோக்குக்காரர்கள், வரிதான் எங்கள் முகம். அது அசிங்கமாக வந்தால் அசிங்கமாகவே காட்ட வேண்டும், திட்டு வாங்க வேண்டும், குழாயை அறுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். எங்கள் மூவரில் அதிகம் அறுத்தவர் பெங் சூன். நானும் ரோஸ்டாமும் தலையாட்டி ரசிக்கும் வரியில்கூட அவருக்கு ஒரு மேரி பிஸ்கட் தடித்துத் தெரியும்.

இனி அவருடைய மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குவாட் இம்; நாங்கள் ஆசோ, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவோம். அதே தொழிற்சாலையில் பொட்டலம் கட்டியவர். கட்டிக்கொள்வதற்கு முன்பு ஒருநாள், பெங் சூன் கழித்துப் போட்ட டின்னுக்குள் கைவிட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்து, "இது நல்லாத்தானே இருக்கு, ஏன் தூக்கிப் போடணும்?" என்று கேட்டாராம். "ஓரம் தடிப்பு" என்றாராம் இவர். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆசோ அதைக் கடித்துத் தின்றுவிட்டுப் போனாராம். அப்படி ஆரம்பித்த குடும்பம் அது. கல்யாணத்துக்குப் பிறகும் ஆசோ கழித்த பிஸ்கட்டுகளைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார். தாமான் பிள்ளைகள் எல்லாம் அதைத் தின்று வளர்ந்தவர்கள்தான், என் பிள்ளைகள் உட்பட.

ஆசோவுக்குச் சர்க்கரை. அது முதலில் காலில் வந்தது, பிறகு கண்ணில் ஏறியது. ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். கடைசியில் வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் மிஞ்சியது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "நல்லதாப் போச்சு, கிழவன் மூஞ்சியைப் பாக்க வேணாம்" என்பார். ஆனால் ஒருநாள் கழிவறை என்று நினைத்து இன்னொரு கதவைத் தாண்டிவிட்டார். அது பின்னால் இருக்கும், தண்ணீர் புழங்கும் ஈரச் சமையலறை. எங்கள் வீடுகளில் அந்த இடம் ஒரு படி கீழே இருக்கும். கைக்குப் பிடி எதுவும் இல்லை. விழுந்ததில் மணிக்கட்டு உடைந்து, நெற்றியில் தையல்.

ஜொகூர் பாருவில் இருக்கும் மகன் கியன் ஹோ சேதி கேட்டு வண்டியை விரட்டிக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த வாட்டசாட்டமான பையன் குலுங்கிக் குலுங்கி அழுததை நான் பார்த்தேன். ஒரே பிள்ளை. "போதும்பா. புது வருஷம் முடிஞ்சதும் ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன். ரூம் தயாரா இருக்கு, கட்டில் வாங்கிட்டேன்" என்றான். அவனைக் குறை சொல்ல வாயில்லை. தாய் விழுந்து கிடந்தாள் என்று கேட்கிற பிள்ளை வேறென்ன சொல்வான்?

அவன் போன பிறகு ஆசோ பெங் சூனிடம் சொன்னதை நானும் கேட்டேன்.

"அடுக்குமாடியில போய் நான் என்ன செய்யறது? எந்தப் பக்கம் திரும்பினாலும் புது இருட்டு. இங்க எனக்குத் தெரிஞ்ச இருட்டுலா."

பெங் சூன் அன்று ராத்திரியே சுவர்களை அளந்தார். மறுநாள் முழு முழு எவர்சில்வர் குழாயாக வாங்கி வந்து முற்றத்தில் சாய்த்து வைத்தார். வாசலிலிருந்து கூடம் வழியாகப் பின்கட்டு வரை சுவரோரமாக ஒரு கைப்பிடி. சீனப் புது வருஷத்துக்கு மகன் வரும்போது ஆசோ யார் துணையுமில்லாமல் வீடு முழுக்க நடக்க வேண்டும், கெண்டியில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைக்க வேண்டும். அது நடந்தால் இங்கே இருப்பார்கள். நடக்காவிட்டால் வீட்டுக்குப் பூட்டு.

குழாயைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் வெல்டிங் வளையங்கள் போடுவதாகத் திட்டம். படுக்கையறைக் கதவுக்கு முன்னால் ஒன்று, கழிவறைக்கு முன்னால் இரண்டு, அந்தப் பாழாய்ப்போன படிக்கு முன்னால் மூன்று. கை போகிற போக்கில் விரல் எண்ணிக்கொள்ளும்.

"கைப்பிடியில யாராச்சும் மேடு வைப்பாங்களா தவுக்கே? கடைக்காரன் பாத்தா சிரிப்பான்" என்றான் ரோஸ்டாம்.

"கடைக்காரன் பொண்டாட்டிக்குக் கண்ணு தெரியும்" என்றார் பெங் சூன்.

அதுவரை அழகுக்காகப் பட்ட பாடு இப்போது விரலுக்காக. ஒரு வளையம் உயரமாகவும் இன்னொன்று தாழ்வாகவும் இருந்தால் எண்ணிக்கை தப்பும். கூராக இருந்தால் தோலைக் கீறும், சர்க்கரைக்காரருக்குப் புண் ஆறாது. ஆகவே ஆசோவே பரிசோதகர். கூடத்து வாசல்படியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். பெங் சூன் ஒரு துண்டுக் குழாயில் வளையம் போட்டு, ஆறவைத்து, அவர் மடியில் வைப்பார். ஆசோ ஆள்காட்டி விரலால் ஒரு சுற்றுச் சுற்றுவார்.

"பொத்தல்."

ஒரே சொல்தான். பெங் சூன் வாங்கிப் பார்ப்பார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பினால், ஆமாம், குண்டூசி முனையளவு ஓட்டை. "முப்பது வருஷம் பிஸ்கட்டைக் கழிச்சீங்க, இப்ப உங்களைக் கழிக்க ஆள் வந்தாச்சு" என்பேன். அறுத்துப் போட்டுவிட்டு அடுத்த குழாயை எடுப்பார்.

இந்த ஓட்டை எதனால் வரும் என்பது எங்களுக்குப் பாடம். டார்ச்சிலிருந்து ஆர்கன் வாயு ஊதிக்கொண்டே இருக்கும். உருகிய குட்டையை அது போர்வை மாதிரி மூடியிருக்கும். போர்வை விலகினால் காற்றுப் பட்டுக் குமிழி விடும், குமிழி ஓட்டையாகும். எனவே வாயு சரியில்லை என்று முடிவு கட்டினோம். பெங் சூன் சிலிண்டரை மாற்றினார். காஸ் கடைக்காரனோடு நான் போய்ச் சண்டை போட்டேன். ஊசியைத் தீட்டினோம், குழாயை ஸ்பிரிட்டால் துடைத்தோம், ரப்பர் குழாயைச் சோப்புத் தண்ணீரில் முக்கிக் கசிவு தேடினோம். ஓட்டை போகவில்லை. சில நாள் வழுவழுவென்று வரும், சில நாள் சல்லடை. புது வருஷம் நெருங்கிக்கொண்டே இருந்தது. பெங் சூன் இளைத்துப் போனார். எனக்கும் எரிச்சல்; ஒரு கிழவனைப் போட்டு இப்படிப் பாடாய்ப் படுத்துகிறதே இந்த மெஷின் என்று அதை ஓர் உதைகூட விட்டேன். கால்தான் வலித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். தகரக் கூரைக்குக் கீழே தோல் சட்டையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு பெங் சூன் ஒரு வளையம் முழுசாகப் போட்டார். வியர்வை கொட்டிச் சட்டை நனைந்திருந்தது. ஆசோ தடவினார்.

"பொத்தல்."

"எங்க?"

"இங்க. அப்புறம் இங்க. அப்புறம் இங்க." ஆசோ சிரித்துவிட்டார். "கிழவா, நீ பொத்தல் பொத்தலா க்ரீம் கிராக்கர்லா சுட்டிருக்க!"

ரோஸ்டாமுக்குக் கோப்பி மூக்கில் ஏறிவிட்டது. நானும் சிரித்தேன். பெங் சூன் மட்டும் முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என் தலையெழுத்தைப் பாரு பச்சை. வரிதான் ஒரே மாதிரி வர மாட்டேங்குது. பொத்தல் ஒரே மாதிரி வருது."

ஆசோவின் சிரிப்பு நின்றது. மறுபடி தடவினார். விரல் ஓர் ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டைக்குப் போகும்போது வாய்க்குள் ஏதோ தாளம் போட்டார்.

"ஆமா, எல்லாம் ஒரே தூரம்தான்" என்றார். பிறகு, "இன்னொண்ணு போடு."

போட்டார். ஆசோ தடவிவிட்டு என்னிடம் நீட்டினார். நான் வாங்கிப் பார்த்தேன். தங்க நிறத்தில், வரிவரியாக, ஓர் ஓட்டைகூட இல்லை.

"இன்னும் ஒண்ணு போடு."

அதையும் போட்டார். தடவி முடித்ததும் ஆசோவின் கை மடியிலேயே கிடந்தது. இரண்டு குழாய்களையும் கைக்கொன்றாகத் தூக்கிக் காட்டினார்.

"இதுல பொத்தல் இல்ல. இதுல இருக்கு. இதுல நான் சும்மா இருந்தேன். இதுல நான் ஃபேன் போட்டேன்."

அப்போதுதான் அவர் நாற்காலிக்குப் பின்னால், கூடத்து இருட்டில், அந்தப் பழைய நிற்கும் ஃபேனைப் பார்த்தோம். இடமும் வலமுமாகத் தலையாட்டுகிற ஃபேன். அது ஒவ்வொரு முறை பெங் சூன் பக்கம் திரும்பும்போதும் ஆர்கன் போர்வையை ஒரு நொடி விலக்கியிருக்கிறது; ஒவ்வொரு விலகலுக்கும் ஓர் ஓட்டை.

"நான்தான் ஃபேன் வேணாம்னு சொல்லியிருக்கேனே?" என்றார் பெங் சூன்.

"நீ எப்பத்தான் ஃபேன் வேணும்னு சொல்லியிருக்க? கூடத்துல ஆள் எந்திரிச்சு அந்தப் பக்கம் போறதுக்குள்ள சுவிட்ச அணைக்கிறவன் நீ. கரண்டுக்குக் காசாகும்னு சொல்றியோன்னு நெனச்சேன். நீ அந்த மூடியை மாட்டிக்கிட்டுப் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்குறது எனக்குக் கேக்குது. மனசு கேக்கல. நெருப்புச் சத்தம் வந்ததும் மெதுவாப் போடுவேன், நின்னதும் அணைச்சிடுவேன்." ஆசோவின் குரல் உடைந்துவிட்டது. "நான்தான்லா. எனக்குச் செய்யறதை நானே கெடுத்துக்கிட்டிருந்தேன்."

"எத்தனை நாளா?"

"நீ மெஷின் வாங்கின நாளா."

பெங் சூன் கத்தப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். அவர் கையுறைகளைக் கழற்றினார்.

"எவ்வளவு வெயில் அடிச்சாலும் எனக்கு முதுகுல சில்லுனு இருக்கும்" என்றார். "கூரையை நல்லாப் போட்டிருக்கேன்னு பெருமைப்பட்டேன் கிழவி."

ரோஸ்டாம் டம்ளர்களை எடுத்துக்கொண்டு, கழுவ வேண்டிய அவசியமே இல்லாதபோதும், கழுவப் போய்விட்டான். ஆசோ பசாருக்குப் போன நாட்களிலும், மழை பெய்து ஃபேன் தேவைப்படாத நாட்களிலும் வரி அழகாக வந்ததும், கண் மங்கி அவர் வீட்டோடு தங்கிய பிறகு சல்லடையாக வந்ததும் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அடுத்த வாரத்திலிருந்து ஃபேன் உள்ளே போய்விட்டது. ஐஸ் தண்ணீரில் பிழிந்த வெள்ளைத் துண்டை ஆசோ தடவித் தடவி வந்து பெங் சூனின் கழுத்தைச் சுற்றிப் போட்டுவிடுவார். அதற்குப் பிறகு போட்ட வளையங்களைப் பற்றி நான் என்ன சொல்ல? நான் பொறாமைக்காரன். எனக்கே குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை.

புது வருஷத்துக்கு முன்பாகவே கைப்பிடி சுவரில் ஏறிவிட்டது. ஆசோ அதைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்து பழகினார். ஒன்று, படுக்கை. இரண்டு, கழிவறை. மூன்று, நில், படி. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நடந்தவர் போகப் போகச் சொல்வதை விட்டுவிட்டார். கெண்டியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, மறுகையால் கைப்பிடியைப் பிடித்து இறங்கி ஏறினார். மகனிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று எங்களுக்கு ஆசோவின் உத்தரவு. "முன்னாடியே சொன்னா பரீட்சை மாதிரி பாப்பான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உக்காரட்டும், நானே போய் கோப்பி கலக்கிக் கொண்டாரேன். அவனே பாத்துக்கட்டும்."

கியன் ஹோ புது வருஷத்துக்கு முந்தின நாள் காலையில் வந்து சேர்ந்தான். காரின் பின்சீட்டைக் காலியாக வைத்திருந்தான், அம்மாவின் பெட்டிக்கு. ஆசோ தெருமுனைச் சலூனில் முடி சுருட்டப் போயிருந்தார். பெங் சூன் வாவல் மீன் வாங்க என் வேனில் ஏறி பசாருக்கு வந்துவிட்டார். பையன் தனியாக வீட்டில்.

நாங்கள் திரும்பியபோது அவன் முற்றத்தில் பனியனோடு, உடம்பெல்லாம் இரும்புத் தூள் அப்பிக்கொண்டு, கையில் பெங் சூனின் கிரைண்டரோடு நின்றான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அப்பா, கைப்பிடி சூப்பர்! ஆனா கிச்சன் பக்கம் மேடு மேடா விட்டுட்டீங்களே. வயசாச்சு, கை ஓஞ்சிருக்கும்னு நெனச்சேன். அம்மா கையைக் கிழிச்சிடாம நான் தேச்சு மட்டமாக்கிட்டேன். மிச்சத்தை மத்தியானம் முடிச்சிடறேன்."

பெங் சூனின் கையிலிருந்த மீன் பை கீழே விழுந்தது.

"அம்மா எங்க?"

"இப்பத்தான் சலூன் பொண்ணு வந்து விட்டுட்டுப் போச்சு. உள்ள போனாங்க."

கூடத்துக்குள் பார்த்தோம். புதிதாகச் சுருட்டிய முடியோடு ஆசோ, ஒரு கையில் கெண்டி, ஒரு கை கைப்பிடியில், கழிவறையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். மகன் வந்த சந்தோஷத்தில் வேகமாகவே போனார். இனி மூன்று வளையம் வர வேண்டும். வராது.

"நில்லு!"

பெங் சூனுக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினார், பின்னால் நாங்கள்.

ஆசோ படிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் கத்துற? நின்னுட்டேனே."

"எப்படி நின்ன?"

"குழாய் சுடுது" என்றார் ஆசோ. கை கைப்பிடியிலேயே இருந்தது. "சுடுது, சொரசொரன்னு இருக்கு. என் வளையத்தை எல்லாம் யார் தின்னது?"

தேய்த்த சூடு ஆறவில்லை. கால் விரல் படியின் விளிம்பில் இருந்தது. கியன் ஹோ படியைப் பார்த்தான், கைப்பிடியைப் பார்த்தான். கழிவறைக் கதவருகே இருந்த இரண்டு வளையங்களைப் போய்த் தொட்டான், படுக்கையறைக்கு முன்னால் இருந்த ஒன்றைத் தொட்டான். திரும்பி வந்து அந்தப் படியிலேயே உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான்.

"அம்மா விழக்கூடாதுன்னுதான்மா..."

"தெரியும்டா. உங்க அப்பனுக்கு நான் போட்ட ஃபேன் மாதிரிதான் இது" என்றார் ஆசோ. பையனுக்கு அது புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது.

பெங் சூன் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். மூன்று வளையங்களும் போய், அழுத்தித் தேய்த்ததில் குழாயின் முதுகில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. கோடு கோடாகக் கீறல். பழகாத கை பிடித்த கிரைண்டர் அப்படித்தான் செய்யும். அந்த மூன்று வளையத்துக்கு எத்தனை குழாயை அவர் அறுத்துப் போட்டார் என்று எனக்குத் தெரியும். எனக்கு அந்தப் பையனை அறையலாம் போல இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

"பச்சை, மெஷினை உள்ள தள்ளு. இந்தத் துண்டை அறுத்துட்டுப் புதுசு போடணும். ராத்திரிக்குள்ள முடிச்சிடலாம்" என்றார் பெங் சூன்.

"இரு இரு" என்றார் ஆசோ. கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்தார். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. எடுத்தார், கொஞ்சம் பின்னால் நடந்து, திரும்பி வந்தார். கை தானாகப் பள்ளத்தில் போய் நின்றது. "மூணு வளையம்னா நான் எண்ணணும். சீரியல் ஞாபகத்துல எண்ணிக்கை விட்டுப் போச்சுன்னா விழுந்தேன். இதை எண்ண வேணாம்."

"பள்ளமா இருக்கு கிழவி. கோணலா இருக்கு. வீட்டுக்குள்ளேயே அசிங்கமான இடம் அதுதான்."

ஆசோ அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இது நல்லாத்தானே இருக்கு, ஏன் தூக்கிப் போடணும்?"

அந்தக் கேள்விக்கு முன்பு ஒரு தடவை பதில் சொல்லித்தானே பெங் சூன் மாட்டிக்கொண்டார்?

ஆசோ மகனின் தலையைத் தடவி, "நகருடா, அம்மா எறங்கணும்" என்றார். அவன் நகர்ந்தான். கைப்பிடியை விடாமல் இறங்கினார், கெண்டியில் தண்ணீர் பிடித்தார், அடுப்பை மூட்டினார், ஏறி வந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த கோப்பியைக் காலையிலேயே கலக்கி முதல் டம்ளரை மகன் கையில் கொடுத்தார். அவன் சூடு ஆறும் வரை அதைக் குடிக்காமலே பிடித்துக்கொண்டிருந்தான். பெட்டியைப் பற்றி அன்றும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. ஊருக்குக் கிளம்பிய அன்று பின்சீட்டில் ஆரஞ்சுப் பழமும் ஆசோ கட்டிக் கொடுத்த பலகாரமும்தான் இருந்தன. ஏறுவதற்கு முன்பு உள்ளே போய் ஒருமுறை அந்தப் பள்ளத்தைத் தொட்டுவிட்டு வந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் ரோஸ்டாமும் போனபோது பெங் சூன் படியருகே குத்த வைத்து உட்கார்ந்து, பட்டுத் துணி மாதிரி மெல்லிய உப்புத்தாளால் அந்தப் பள்ளத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "சட்டம் சட்டம்! தேய்க்கக் கூடாது! கோப்பி வாங்குங்க தவுக்கே!" என்று ரோஸ்டாம் கத்தினான்.

"வளையத்தையா தேய்க்கிறேன்?" என்றார் அவர். "கீறல் அவ விரலை அறுத்திடும். பள்ளத்தை ஒண்ணும் செய்யல, அது அப்படியே இருக்கு." இருந்தாலும் கோப்பி வாங்கினார்.

எங்கள் பின்கட்டும் அவர்கள் பின்கட்டும் ஒட்டியவை, நடுவில் கம்பி வலைதான். விடியற்காலையில் வேன் எடுக்கக் கிளம்பும்போது ஆசோ கெண்டியோடு வருவது தெரியும். படிக்கு முன்னால் வந்ததும் கட்டைவிரல் பள்ளத்தில் நிற்கும், ஏதோ முணுமுணுப்பார், பிறகுதான் இறங்குவார். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"தினமும் அங்க நின்னு யார்கிட்ட பேசுறீங்க ஆசோ?"

"கியன் ஹோகிட்டதான்" என்றார். "படியில உக்காந்திருக்கான்லா. நகருடா, அம்மா எறங்கணும்னு சொல்றேன்."

சொல்லிவிட்டு இறங்கிப்போய் அடுப்பை மூட்டினார்.